மூன்றாம் நாள் மட்டும் காய்ந்த தரை

முச்சந்தியில் எலுமிச்சம்பழம் கிடந்தால் எடுத்துக் கழுவி ஜூஸ் போட்டுக் குடிக்கிற ஆள் நான். சும்மா சொல்லவில்லை, ஒரு தடவை நிஜமாகவே குடித்திருக்கிறேன், வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். அப்படிப்பட்டவள் இதைச் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்கு வெளியே, சங்ககிரி போகிற பக்கம், ஒரு சைட் போட்ட இடத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வைத்திருக்கிறார். வருடத்தில் எட்டு மாதம் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் இருப்பார். இடம் சரிவாக இருந்ததால் வீட்டுக்குக் கீழே பெரிய அறை ஒன்று கட்டினோம். அதில் ஆறு தையல் மிஷின் போட்டு நான் நைட்டி, தலையணை உறை தைத்து ஈரோட்டு வியாபாரிகளுக்கு அனுப்புகிறேன். என்னோடு ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். இதுதான் என் பிழைப்பு, வீட்டுக்காரர் சம்பாத்தியத்தில் நான் கை வைப்பதில்லை.

அந்தக் கீழறையில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது ஒரு நாள் சுவரோரம் ஈரம் தெரியும், துடைத்துவிட்டு மறந்துவிடுவோம். போன வருடம் தை மாதத்துக்குப் பிறகு அதிகமானது. மழையே இல்லாத மாசி, பங்குனியில், தெருவில் நாய் நிழல் தேடி அலைகிற வெயிலில், என் அறையில் மட்டும் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒரு நாள் மிஷின் மோட்டாரில் ஒரு பெண்ணுக்கு ஷாக் அடித்தது, நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளும் அவளோடு இன்னொருத்தியும் மறுநாளிலிருந்து வரவில்லை. எனக்குத் தூக்கம் போனது. பேய் பயத்தில் இல்லை, நம் இடத்தில் ஒரு பெண் பிள்ளை செத்துப்போனால் என்ன பதில் சொல்வது என்கிற பயத்தில்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். ரிக்காரருக்கு உலகத்தில் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான்.

"ஏம்புள்ள, தண்ணி கீழ இருக்குதுன்னா ஊட்டுப் பக்கத்துலயே ஒரு போரு ஓட்டி உறிஞ்சி எடுத்துப் போடலாம். இதுக்குப் போயி எதுக்கு மண்டையக் கொடைஞ்சுக்கற?"

இந்தத் தப்பை, தெருவுக்கு நாலு ரிக் வைத்திருக்கிற எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். தெரிந்த வண்டி ஒன்றை அனுப்பினார். சுவரிலிருந்து பத்தடி தள்ளி எண்ணூறு அடி ஓட்டினார்கள். வெறும் புகை. வெள்ளைப் பாறைத் தூள் கிளம்பி பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் பாழானதுதான் மிச்சம். ஒரு பக்கம் எண்ணூறு அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பத்தடி தள்ளி என் தரையில் தண்ணீர் நிற்கிறது. டிரில்லர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் எடப்பாடியிலிருந்து மாதேஸ்வரன் என்று ஒரு வாட்டர் ப்ரூஃபிங் கான்ட்ராக்டரைப் பிடித்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும், குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். அதற்கு முன் வந்த இரண்டு பேர் உள்ளே காலை வைத்ததும் "கெமிக்கல் அடிச்சாப் போதும்" என்றார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. மேல் டேங்கில் ஒரு சாயம், செப்டிக் டேங்கில் ஒரு சாயம், குளியலறைக் குழாயில் ஒரு சாயம் என்று கலந்துவிட்டு, எந்த நிறம் கீழே வருகிறது என்று மூன்று நாள் காத்திருந்தார். ஒரு நிறமும் வரவில்லை. சம்ப்பைக் காலி செய்து காயப்போட்டார். அப்போதும் தண்ணீர் வந்தது. கடைசியில் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அம்மிணி, உங்க ஊட்டுப் பழைய போர் தண்ணி உப்புங்க. இது இனிக்குதுங்க."

பிறகு பென்சில் ஒன்றை என் கையில் கொடுத்தார். பதினைந்து நாள், காலையில் ஆறு மணிக்கும் மத்தியானமும் சாயங்காலம் ஆறு மணிக்கும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னார். காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுப்பதற்கு முன்னால் எப்போது காய்கிறது என்று பார்க்க வேண்டாமா என்பது அவர் கட்சி. எனக்கு அது பிடித்திருந்தது. ஒழுங்காக எழுதினேன்.

பதினைந்தாம் நாள் வந்து சுவர் முன்னால் குந்தி உட்கார்ந்து படித்தார். வெகுநேரம் படித்தார்.

"ரெண்டு நாள் ஈரம், ஒரு நாள் காய்ஞ்சிருக்குது. மறுபடி ரெண்டு நாள் ஈரம், ஒரு நாள் காய்ஞ்சிருக்குது. காத்தால ஆறுக்கு வருது, சாயங்காலம் ஆறுக்கு நிக்குது. ஒரு நாளாச்சும் மாறலீங்க" என்றார். "அம்மிணி, நானும் காட்டுக்காரன்தான், வெள்ளாமை பண்றவன். இது மொறத்தண்ணி மாதிரி இருக்குதுங்க."

முறைத் தண்ணீர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு கிணறு பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தால் ஆளுக்கு ஒரு நாள் மோட்டார் போட்டுப் பாய்ச்சிக்கொள்வார்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஒருவர் முறை என்றால், அன்றைக்கு மற்றவர் மோட்டார் ரூம் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் யாராவது கரண்ட் வருகிற நேரம் பார்த்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள், அது கசிகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. மாதேசண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார். அதையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம். சுற்று வட்டத்தில் தறிக் கொட்டகையும் சைட்டும்தான், பாசனம் என்று ஒரு வாய்க்கால் கூடக் கிடையாது.

அப்போது கடைசி மிஷினில் இருந்த கோகிலா தைப்பதை நிறுத்தினாள்.

கோகிலா என்னிடம் ஒரு வருடமாக வேலை செய்கிறவள். இருபத்தொன்பது வயது, வாயே திறக்க மாட்டாள், ஆனால் அவள் தைத்த ஓரத்தில் ஒரு நூல் கூடப் பிசிறாது. இன்னொருத்திக்கு ஷாக் அடித்த பிறகும் பயந்து ஓடாமல் நின்றவள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை நான் மறைத்ததும் இல்லை.

"எங்க தோட்டத்துக் கெணத்துல மூணு பங்குங்க" என்றாள். "பெரியப்பா ஒரு நாள், நடுப் பெரியப்பா ஒரு நாள், எங்கப்பா ஒரு நாள்."

"எந்தத் தோட்டம் சாமி?" என்று கேட்டேன்.

"இதுதானுங்கக்கா."

ஒரு வருடமாக அவள் தன் அப்பாவின் காட்டுக்கு மேலே உட்கார்ந்து கூலிக்குத் தைத்துக்கொண்டிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொல்லி என்னுங்க்கா ஆவப் போவுது" என்றாள்.

அன்றைக்குத்தான் முழுக் கதையும் சொன்னாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. அண்ணன்கள் இரண்டு பேரும் மஞ்சள் போட்டிருந்தார்கள். தம்பி அர்த்தனாரி, அதாவது கோகிலாவின் அப்பா, மரவள்ளி போட்டிருந்தார். தம்பியின் முறை நாளில் அண்ணன்கள் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு முறை, இரண்டு முறை அல்ல, அந்தக் கோடை முழுவதும். கிழங்கு காய்ந்தது. அவர் ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு வடக்கே போகிற ரிக் வண்டி ஒன்றில் ஏறிப் போனவர், அதோடு சரி. ஆத்தூரில் ஜவ்வரிசி போடுகிற சேகோ ஆலையில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார், போய்ப் பார்த்தால் வேறு ஆள். பிறகு கிணறும் வற்றி, மண்ணைக் கொட்டி மூடி, காட்டை சைட் போட்டு விற்றுவிட்டார்கள். பெரியப்பா சர்க்கரை நோயில் போய் நாலு வருடம் ஆகிறது. நடுப் பெரியப்பா அந்த வருடம் தையில்தான் மாரடைப்பில் போனார்.

அவள் எழுந்து வந்து சுவரில் நான் எழுதியிருந்த தேதிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பெரியப்பனுங்க ரெண்டு பேரு மொறைக்கும் தண்ணி வருதுங்க. எங்கப்பா மொற மட்டும் காய்ஞ்சு கெடக்குது" என்றாள். "செத்தவங்க மொறைக்குத்தான் தண்ணி வருதுங்க்கா. அப்ப எங்கப்பா உசுரோட இருக்காருங்க."

பாறை வெடிப்பு, நிலத்தடி நீர் என்று எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இருந்தது. சொல்லவில்லை. அவள் அம்மா பழனியம்மாளை எனக்குத் தெரியும், இன்றைக்கும் நெற்றி நிறையக் குங்குமத்தோடு திரிகிற மனுஷி. சொந்தக்காரர்கள் வருடா வருடம் வந்து, இனியும் காத்திருக்க வேண்டாம், கருமாதி செய்து முடித்துவிடலாம் என்று நெருக்குகிறார்கள். இந்த ஆடி கழிந்ததும் செய்தே ஆக வேண்டும் என்று இந்தத் தடவை நாளே குறிக்கப் போகிறார்களாம்.

மாதேசண்ணன் வேலைத் திட்டத்தைச் சொன்னார். உள்ளே கெமிக்கல் பூசி மறித்தால் தண்ணீர் வேறு பக்கம் பொத்துக்கொண்டு வரும், அதனால் மறிக்கக் கூடாது, வழி விட வேண்டும். சுவரோரம் சுற்றிலும் காடி வெட்டி, துளை போட்ட பைப் வைத்து, ஜல்லி நிரப்பி, மேலே மூடி, பின்பக்கம் சரிவில் வெளியே விட்டுவிடலாம். பத்து நாள் வேலை. நான் சரி என்று சொல்வதற்குள் கோகிலா குறுக்கே வந்தாள்.

"அக்கா, ரெண்டு மாசம் பொறுங்கக்கா. மூடிட்டா எங்கப்பா மொற காயுதான்னு எப்படிங்க தெரியும்?"

ஷாக் அடிக்கிற அறையை இரண்டு மாதம் அப்படியே வைத்திருப்பது முட்டாள்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சரி என்றேன். மிஷின்களைப் பலகை மேல் ஏற்றி, வயர் எல்லாவற்றையும் கூரையிலிருந்து தொங்கவிட்டு, பெண்களுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்து ஓட்டினோம். அர்த்தனாரியின் பழைய போட்டோ ஒன்றை வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். வடக்கே எங்கள் ஊர் ரிக் போகாத ஜில்லா கிடையாது, அவர் அதை எல்லா ரிக்காரர் குரூப்பிலும் போட்டுவிட்டார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் வந்தால் கோகிலாதான் முதல் ஆளாக வருவாள். ஒன்பது மணிக்குத்தான் வேலை, பத்து நிமிடம் முன்னாலேயே வாசலில் செருப்பை விடுகிற சத்தம் கேட்கும். நேராக ஈசானி மூலைக்குப் போய் உள்ளங்கையைத் தரையில் வைப்பாள். காய்ந்த தரையைத் தொட்டுவிட்டு ஒரு பெண் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. ராய்ப்பூர் தாண்டி ரிக் வண்டிகள் நிற்கிற ஒரு இடத்தில் வயதானவர் ஒருவர் இட்லி சுட்டுப் போடுகிறார், நம் பக்கத்துப் பேச்சு, பெயர் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார், போட்டோவில் இருப்பது போலவே இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறது. வீட்டுக்காரர் அங்கிருந்து ஒரு நாள் தூரத்தில் இருந்தார். கையில் இருக்கிற போரை முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன் என்றார். கோகிலா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஆள் அவர்தான் என்று தெரியட்டும் என்றாள். ஆனால் முகத்தில் தெரிந்துவிட்டது, அன்றைக்கு முதல் தடவையாக அவள் ஒரு நைட்டிக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

அந்த ஞாயிறுக்கு முன்னால் வந்த புதன்கிழமை, காய்கிற நாள். காலையில் ஆறு மணி சுமாருக்குத் துணிக் கட்டு எடுக்கக் கீழே போனேன். விளக்கைப் போட்டேன். தரை முழுக்கத் தண்ணீர்.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே சுவரடியிலிருந்து அது வந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். தேதியை மூன்று தடவை சரிபார்த்தேன், சந்தேகமே இல்லை, அர்த்தனாரியின் முறை நாள்தான். எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு கழிவுத் துணியால் துடைத்துப் பக்கெட்டில் பிழிந்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. இடுப்பு விட்டுப்போகும் அளவுக்குத் துடைத்தேன். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சட்டென்று நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மின்விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கோகிலா படியில் நின்றாள்.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "ஏனுங்க்கா, ஈரமா இருக்குது?"

"நூலும் தூசியுமாக் கெடந்துச்சு சாமி, நாந்தான் கழுவி உட்டேன்" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவள் நம்பினாள்.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்காரர் போன் செய்தார். இட்லிக் கடை மூடிக் கிடக்கிறதாம். அந்த ஆள் புதன்கிழமை விடிகாலையிலேயே கிளம்பிவிட்டார். யாரோ தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்து போய்விட்டார் என்கிறார் ஒருவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றார் என்கிறார் இன்னொருவர். தெற்கே போகிற லாரியில் ஏறினதைப் பார்த்தேன் என்கிறார் மூன்றாவது ஆள். எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒருவர் வந்ததாகத் தெரியவில்லை. அவர் அர்த்தனாரிதானா என்பதும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

கோகிலாவிடம், அவர் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அதுவும் மூவரில் ஒருவர் சொன்னதுதானே.

ஆனால் அந்த ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமையே, மறுபடியும் மூன்றாம் நாளில் தண்ணீர் வந்திருந்தது. அன்றைக்கும் விடியும்போதே இறங்கித் துடைத்தேன். அன்றைக்கும் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நின்றது. எத்தனை நாள் இப்படித் துடைக்க முடியும்? ஞாயிறு சாயங்காலமே மாதேசண்ணனுக்குப் போன் செய்து நாளைக்கே வேலையை ஆரம்பியுங்கள் என்றேன். ரெண்டு மாசம் பொறுக்கச் சொன்னீர்களே, எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தது, அவரிடம் சொல்லிவிட்டேன்.

"சரிங்க அம்மிணி" என்றார். "தண்ணி போறது ஒருத்தர் கண்ணுலயும் படாத மாதிரி செஞ்சு குடுத்தர்றேன். காத்தால வாரேனுங்க."

சொன்னபடியே செய்தார். மிஷின்களை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பத்து நாள் தரையை வெட்டினார்கள். வெட்டின இடமெல்லாம் முழுப் பாறை. தண்ணீர் வருவதற்கு ஒரு வெடிப்பு, ஒரு துளை, ஒரு வேர்த்தடம் கூட இல்லை என்று அவரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முப்பது வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்றார். பைப்பைப் பின்பக்கம் காம்பவுண்டுக்கு உள்ளேயே ஒரு உறிஞ்சு குழியில் விட்டு, மேலே கனமான மூடி போட்டார். அதன் பிறகு கீழறையில் ஒரு நாளும் ஈரம் இல்லை. போன இரண்டு பெண்களும் திரும்பி வந்துவிட்டார்கள். வேலை என்று பார்த்தால் முதல் தரம், யாருக்கு வேண்டுமானாலும் அவரைச் சொல்லுவேன்.

கோகிலாவுக்கு மட்டும்தான் குறை. இனிமேல் அப்பா முறையை எப்படிப் பார்ப்பது என்றாள். மூடி கனம், நானே தூக்கிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் வந்தால் உள்ளே வந்ததும் "காய்ஞ்சிருக்குதுங்களா அக்கா" என்று கேட்பாள், "காய்ஞ்சுதான் கெடக்குது" என்பேன். ஆடி போய்விட்டது, கருமாதிக்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை, பழனியம்மாள் குங்குமத்தோடுதான் இருக்கிறார். நான் செய்வது சரியா தப்பா என்று தெரியவில்லை. ஒரு பைப்பில் தண்ணீர் வருகிறது என்பதற்காக உயிரோடு இருக்கக்கூடிய மனிதருக்குக் கருமாதி செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன். ஒன்று மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பெரியப்பாக்களின் முறை நாளில் பைப்பில் தண்ணீர் ஆறு முதல் ஆறு வரை விழுகிறது, யார் வந்தாலும் போனாலும் அதற்குக் கவலையில்லை. மூன்றாம் நாள் மட்டும் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நின்றுவிடுகிறது. முறை நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், அன்றைக்கு யாரும் வேலைக்கு வருவதில்லை, சாயங்காலம் ஆறு வரை ஓடுகிறது. கோகிலா காய்ச்சலில் லீவு போட்ட அன்றைக்கும் மற்ற ஐந்து பேரும் வந்திருந்தார்கள், அன்றைக்கும் ஆறு வரை ஓடியது.

போன மாதம் ஒரு அவசர ஆர்டர் வந்தது. முறை நாள்தான். கோகிலாவை மட்டும் எட்டு மணிக்கே வரச் சொன்னேன், அவளைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. காலையில் மூடியைத் தள்ளி வைத்துவிட்டு, போனில் மணியைப் பார்த்தபடி குழிக்குப் பக்கத்தில் நின்றேன். பைப் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மெலிந்து, நின்றது. முன்வாசலில் செருப்பு விடுகிற சத்தம் கேட்டது. நான் மூடியைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"காய்ஞ்சிருக்குதுங்களா அக்கா" என்று கேட்டாள்.

"காய்ஞ்சுதான் கெடக்குது சாமி" என்றேன்.